இழுவைப்படகின் குரல்

மைக்கைக் கையில் எடுத்ததும் கிளிம் சவேலிச் முதலில் அதை முகர்ந்து பார்ப்பார். சூப் கிண்ணத்தை முகர்வதுபோல், கண்ணை மூடிக்கொண்டு, ஆழமாக. பிறகு தீர்ப்பு வரும்.

"நேத்து இதுல நகராட்சி ஆளு எவனோ பேசியிருக்கான். உப்புமீனும் பீரும். அதுவும் மட்டமான பீரு."

கைக்குட்டையால் ஒரு துடைப்பு. நகத்தால் இரண்டு தட்டு. கோட்டுப் பையிலிருந்து ஒரு பச்சை முட்டை வெளியே வரும். கழுத்துப்பட்டையில் குத்தியிருக்கும் ஊசியைப் பிடுங்கி, முட்டையின் இரண்டு முனையிலும் ஓட்டை போட்டு, தலையை அண்ணாந்து ஒரே உறிஞ்சில் காலி செய்வார். காலி முட்டையோட்டைப் புள்ளி குறிப்பவர்களின் மேசையில் நிற்கவைப்பார். ஆட்டம் முடியும்வரை அது விழக்கூடாது என்பது அவர் சட்டம். வெளியூரிலிருந்து வருகிற நடுவர்கள்கூட அந்தப் பக்கம் முழங்கையை ஊன்றுவதில்லை.

அதன்பிறகுதான் குரல். "கவனம்! கவனம்! மேலேருந்து வர்ற கலங்களும் கீழேருந்து வர்ற கலங்களும் கவனிக்கவும்!"

ஆள் சின்னவர். என் தோளுக்கு வருவார். குரல் மட்டும் வேறு யாருக்கோ தைத்ததை இவர் மாட்டிக்கொண்டு வந்ததுபோல் இருக்கும். ஆற்றுப் போக்குவரத்துக்காரர்களின் கறுப்புச் சீருடையும் பித்தளைப் பொத்தான்களும் போட்டுக்கொண்டுதான் வருவார். ஓய்வுபெறும்வரை எங்கள் ஊர் மதகில், ஆற்றுநீரை அடைத்துக் கப்பல்களை ஏற்றி இறக்கும் கதவுகளில், அவற்றை வரிசைப்படுத்தி உள்ளே விட்டவர் அவர். எந்தப் படகு காத்திருக்க வேண்டும், எது நுழையலாம், எது கரையில் இடித்துக்கொள்ளப் போகிறது என்று வோல்காவின் மேல் நாள் முழுக்கக் கத்தியவர். கூடைப்பந்து ஆட்டங்களை அறிவிக்க வந்த பிறகும் அந்தப் பேச்சு மாறவில்லை.

"இடது கரையோரமா ஏழாம் நம்பர் நகருது. பாரம் ஜாஸ்தி. எதிர்ல ரெண்டு பேரு குறுக்க நிக்கறாங்க, ஹார்ன் அடிடா! மதகுக்குள்ள நுழைஞ்சுட்டான்... இறக்கிட்டான்! ரெண்டு டன்!"

ஒரு கூடைக்கு இரண்டு புள்ளி என்றால் அவருக்கு இரண்டு டன். தப்பாட்டம் என்றால் மோதல். பயிற்சியாளர் ஆட்டத்தை நிறுத்தினால் நங்கூரம். எதிர்க்குழு ஆளை மாற்றினால், "விருந்தாளிங்க பக்கத்துலேருந்து புதுசா ஒரு ஓட்டைப்படகு வருது, நல்வரவு" என்பார். மரியாதை குறையாது.

நான் வேலை பார்ப்பது அரங்கத்தின் நுழைவுக் கூடத்தில், கோட்டு அறையில். குளிர்காலத்தில் உள்ளே வருகிற ஒவ்வொருவரும் கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்து, டோக்கன் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். ஆகவே ஆட்டத்தை நான் பார்ப்பதில்லை, கேட்பேன். என் தலைக்கு மேல் பழைய ஒலிபெருக்கி ஒன்று ஆணியில் தொங்குகிறது. கிளிம் சவேலிச் வழியாகவே எல்லாம் தெரிந்துகொண்டதால், கூடைப்பந்து என்றால் ஆற்றில் நடக்கிற ஏதோ ஒன்று என்றே ரொம்ப நாள் எனக்கு மனத்தில் பதிந்திருந்தது.

எங்கள் குழுவின் பெயர் புக்ஸீர். சரக்குப் படகுகளைக் கயிறு கட்டி இழுத்துப் போகிற குட்டி இழுவைப்படகுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். ஆகவே எங்கள் சனங்கள் ஆட்டத்தில் வேறெதுவும் கத்துவதில்லை. "இழு! இழு! இழு!" அவ்வளவுதான்.

குழுவின் வரலாற்றைக் கேட்க வேண்டுமென்றால் கிளிம் சவேலிச்சுக்கு ஒரு கோப்பைத் தேநீரும் முட்டைக்கோஸ் வைத்த பன் ஒன்றும் கொடுத்தால் போதும். கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

"குளிர்காலத்துல ஆறு உறைஞ்சு போச்சுன்னா கப்பல் பட்டறைக்காரனுக்கு என்ன வேலை? குடிக்கறதுதான். கடற்படையிலேருந்து வந்த மெக்கானிக் ஒருத்தன் பாத்தான். ரெண்டு பீப்பாயை உடைச்சு இரும்பு வளையத்தை எடுத்துச் சுவத்துல அடிச்சான். அதான் ஆரம்பம். மேல பாரந்தூக்கற சங்கிலி தொங்கும். பந்து சங்கிலியில பட்டு எங்க விழும்னு கடவுளுக்கே தெரியாது. வெளியூர்க்காரனுங்க வந்து மலைச்சுப் போய் நிப்பானுங்க. நம்ம பசங்களுக்கு எந்தச் சங்கிலி எப்படி ஆடும்னு மனப்பாடம்."

பிறகு எழுபதுகளில் ஒரு முறை மாஸ்கோவின் பெரிய குழு ஒன்றை எங்கள் ஊரிலேயே தோற்கடித்தார்கள். எத்தனை புள்ளியில் என்பது கிளிம் சவேலிச் எத்தனையாவது கோப்பையில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. முதல் கோப்பையில் ஒரு புள்ளி. மூன்றாவதில் மாஸ்கோக்காரர்கள் அழுதுகொண்டே ரயிலேறுவார்கள்.

தொண்ணூறுகளில் பட்டறை படுத்தது. சம்பளத்துக்குப் பதிலாக அங்கே செய்த வாணலிகளைக் கொடுத்தார்கள். ஆட்டக்காரர்களுக்கும் வாணலிதான். எங்கள் நடுவாட்டக்காரன் எவ்வளவு உயரம் என்றால், ரயில் ஜன்னலுக்குள் அப்படியே கையை நீட்டி வாணலி விற்றுவிடுவான். மற்ற வியாபாரிகள் கீழே நின்று எம்பிக்கொண்டிருப்பார்கள். "ஆட்டத்துல போட்டதைவிட அந்த பிளாட்பாரத்துலதான் அவன் ஜாஸ்தி கூடை போட்டான்" என்பார் கிளிம் சவேலிச், தொடையைத் தட்டிக்கொண்டு. கடைசியில் குழுவும் கலைந்தது. அரங்கத்தை மென்மயிர்க் கோட்டுச் சந்தைக்கு வாடகைக்கு விட்டார்கள். அதற்கும் அவரையே கூப்பிட்டார்கள். வலது கரையில் முயல், இடது கரையில் நரி, மூன்றாவது துறையில் தள்ளுபடி என்று பல குளிர்காலங்கள் கத்தினார்.

பட்டறைக்குப் புது முதலாளி வந்து மறுபடி படகு கட்ட ஆரம்பித்ததும் குழுவுக்கும் உயிர் வந்தது. அதற்காக அலைந்தவன் ஸ்தனிஸ்லாவ். சின்ன வயதில் புக்ஸீரின் குழந்தைகள் பிரிவில் ஆடியவன், இப்போது குழுவின் இயக்குநர். பலகைத் தரையை மாற்றினான். கோட்டுச் சந்தை விட்டுப்போன பாச்சை உருண்டை வாடை போகச் சுவர்களுக்கு மூன்று முறை வெள்ளை அடித்தான். அது இன்னும் போகவில்லை. லீகின் கடைசிப் படியில் இடம் வாங்கினான். எல்லாரும் அவனை ஐயா என்கிறார்கள். கிளிம் சவேலிச்சுக்கு மட்டும் ஸ்தாஸிக்.

இன்னொருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோட்டு அறையிலிருந்து ஆட்டக்கூடத்துக்குள் போகிற இரட்டைக் கதவில் ரூஃபினா கார்ப்போவ்னா உட்கார்ந்திருப்பார். டிக்கெட் கிழிப்பது அவர் வேலை. கோட்டோடு யாரும் உள்ளே நுழையாமல் பார்த்துக்கொள்வது அவர் பிறவிப்பயன். "கோட்டோட உள்ள போறது பூட்ஸோட கட்டில்ல ஏறிப் படுக்கற மாதிரி" என்பார். ஒருமுறை துணைமேயரையே சட்டையோடு நிற்கவைத்தார். இவர் கிளிம் சவேலிச்சின் பழைய மனைவி. விவாகரத்து எதற்கு என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுவார்.

"சூப்பைக் கொண்டுபோய் வெச்சா, 'முதல் துறைக்கு சூப்பு வந்து சேர்ந்தது'ன்னு கத்துவான். பக்கத்து வீட்டுக்காரி சுவத்தைத் தட்டி, 'இங்கயும் ஒரு கரண்டி அனுப்புங்க'ம்பா. ராத்திரி காதுல ரகசியம் சொன்னாக்கூட மூணாவது மாடி வரைக்கும் கேக்கும். எப்படிம்மா குடித்தனம் பண்றது?"

இருவரும் ஒரே கட்டடத்தில் வேலை செய்கிறார்கள். பேசிக்கொள்வதும் உண்டு. என் வழியாக.

"தோன்யா, அந்தாளுகிட்ட சொல்லு, பூட்ஸ்ல இருக்கற பனியைத் தட்டிட்டு வரச்சொல்லி."

அந்தாள் கைக்கெட்டும் தூரத்தில்தான் நிற்பார். "தோன்யா, அந்தம்மாகிட்ட சொல்லு, வெளியவே தட்டிட்டேன்னு."

"தட்டுன லட்சணம் தரையில தெரியுதுன்னு சொல்லு."

"தரையைப் பாக்கறதுக்கு வேற ஆளு இருக்குன்னு சொல்லு."

நான் எதையும் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பக்கம் ஒரு தலையாட்டல், அந்தப் பக்கம் ஒரு தலையாட்டல். வாயைத் திறக்கவே கூச்சப்படுகிற எனக்கு அது தோதான வேலை.

பிப்ரவரியில் ஒரு நாள், ஆட்டத்துக்கு முன்பு, ஸ்தனிஸ்லாவ் என் மேசைக்கு எதிரே கிளிம் சவேலிச்சை மடக்கினான். முகம் சரியில்லை.

"கிளிம் சவேலிச், இன்னிக்கு டிவியில நேரடியா காட்டறாங்க. முதல் தடவை."

"தெரியும்டா ஸ்தாஸிக். புது பிளேடு போட்டு சவரம் பண்ணிருக்கேன், பாரு."

"போன ஆட்டத்தைச் சும்மா படமெடுத்துப் பாத்தாங்க. கடைசி நிமிஷத்துல கேமராவைத் திருப்பினா முழுக்க காலி நாற்காலி. நடுவுல ஒரு பெரியவர் தூங்கறாரு. இதைப் பாத்து எவன் விளம்பரம் தருவான்? லீக்ல எவன் நம்மளை மதிப்பான்?"

அதில் பொய்யில்லை. எங்கள் ஊரில் ஆட்டத்தின் முடிவை யாரும் பார்ப்பதில்லை. வெளியே மைனஸ் இருபத்தைந்து. பட்டறைக் குடியிருப்புக்குப் போகிற பேருந்து ஒன்றே ஒன்று. கோட்டு கொடுக்கிற மேசையும் ஒன்றே ஒன்று. அதில் நான் ஒருத்தி. ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே முதல் வரிசைக்காரர் எழுந்து வந்து மேசைமேல் டோக்கனை வைப்பார். அவரைப் பார்த்து அடுத்தவர் எழுவார். வென்றோமா தோற்றோமா என்பதை வரிசையில் நின்றபடி என் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொள்வார்கள்.

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?" என்றார் கிளிம் சவேலிச்.

ஸ்தனிஸ்லாவ் தன் பூட்ஸைப் பார்த்தான். "மாவட்டத் தலைநகர்ல ஒரு பையன் இருக்கான். லைட்டு, புகை, பாட்டு, எல்லாம் அவனே பாத்துப்பான். அவன் பேசினா கூட்டம் அசையாதாம். மேலிடத்துக்காரங்க எல்லாம் அவனையே போடச் சொல்றாங்க. நான் ஒரு வாய்ப்பு கேட்டு வாங்கிருக்கேன். இன்னிக்குக் கடைசி வரைக்கும் சனங்க உள்ள இருந்தா மைக் உங்களுது. எந்திரிச்சுப் போயிட்டாங்கன்னா... அடுத்த ஆட்டத்துலேருந்து அவன்."

நான் கோட்டுக் கொக்கிகளைத் துடைக்கிற பாவனையில் நின்றேன். கதவருகே ரூஃபினாவின் பின்னல் ஊசிகளும் நின்றுபோயின.

கிளிம் சவேலிச் பித்தளைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். "புகையா," என்றார். "ஆத்துல புகைன்னா கப்பல் எரியுதுன்னு அர்த்தம்டா." பிறகு விறைப்பாகத் திரும்பி உள்ளே போனார். அன்றைக்கு மைக்கை முகர்ந்த சத்தம் என் ஒலிபெருக்கியில்கூடக் கேட்டது.

எதிராளிகள் கராவான் என்ற குழு. எங்களைவிடப் பெரிய ஊர். மூன்று பகுதி ஆட்டத்துக்கும் கிளிம் சவேலிச் தன்னையே மிஞ்சினார். கராவான்காரர்களின் தடுப்பை மணல்திட்டு என்றார். எங்கள் கேப்டன் இரண்டு பேருக்கு நடுவே புகுந்தபோது, "குறுகலான கால்வாய், ரெண்டு பக்கமும் பெயின்ட் உரியுது, ஆனாலும் போறான்!" என்றார். கோட்டுகளுக்கு நடுவே தனியாக உட்கார்ந்து நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஆனால் கடைசிப் பகுதி பாதி தாண்டியபோது நாங்கள் பதினோரு புள்ளி பின்தங்கியிருந்தோம். எனக்கு நன்றாகத் தெரிந்த அந்தச் சத்தம், நாற்காலி இருக்கைகள் ஒன்றிரண்டு மேலே மடங்குகிற 'தப்' சத்தம், ஒலிபெருக்கிக்குள் கேட்க ஆரம்பித்தது.

அப்போதுதான் கிளிம் சவேலிச் அந்தக் காரியத்தைச் செய்தார். மதகில் இருந்தவருக்கு ஒரு வழிதான் தெரியும். கலங்கள் முண்டினால் கதவை மூடு.

"கவனம்! கவனம்! ஆட்டம் முடியற வரைக்கும் கோட்டு அறை மூடப்படுது! யாருக்கும் கோட்டு கிடையாது! எல்லாக் கலங்களும் அவங்கவங்க துறையிலயே நிக்கவும்!"

எனக்கே அது செய்தி. நான் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தேன்.

எங்கள் சனங்களிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். மூடப்படுகிறது என்று மட்டும் சொல்லக்கூடாது. வாழ்நாளெல்லாம் கடை வரிசையில் வெண்ணெய் தீரும், கவுன்ட்டர் ஜன்னல் மூடும் என்று பயந்து ஓடிப் பழகிய கால்கள் அவை. முதலில் நாற்காலிகள் தப் தப்பென்று மடங்கின. அப்புறம் பனிக்கட்டி உடைகிற ஏப்ரல் மாத ஆறு மாதிரி ஓர் உறுமல். ரூஃபினாவின் இரட்டைக் கதவு படாரென்று திறந்து, அரங்கம் முழுவதும் என்மேல் வந்து விழுந்தது. எழ நினைக்காதவர்களும் வந்தார்கள். பாதி தின்ற பன்னோடு வந்தார்கள். கழிப்பறையிலிருந்து இடுப்புப்பட்டையைக் கட்டிக்கொண்டே வந்தார்கள்.

"கடைசி யாரு? வரிசையில கடைசி யாரு?"

"நான்தான். எனக்குப் பின்னாடி நில்லுங்க."

"எதுக்கு வரிசை?"

"தெரியல. மூடறாங்களாம்."

"எதை?"

"அது தெரிஞ்சா நான் முன்னாடியே போயிருப்பேனே!"

"யம்மா, கோட்டு எல்லாருக்கும் இருக்குமா?" என்று ஒரு பாட்டி கவலையாகக் கேட்டார், அவர் கொடுத்த கோட்டு எனக்குப் பின்னால் அவருக்காகவே தொங்கிக்கொண்டிருந்தபோதும்.

டோக்கனை வாங்கினேன், கோட்டைக் கொடுத்தேன். கை தன்பாட்டுக்கு ஓடியது. மேலே கிளிம் சவேலிச்சின் குரல் கெஞ்ச ஆரம்பித்திருந்தது. "எங்கய்யா போறீங்க? மூடியாச்சுன்னுதானே சொன்னேன்? மூடினா ஏன்யா ஓடறீங்க?" மைக்கை மூட மறந்து, "ஸ்தாஸிக், என்னை அப்படிப் பாக்காதடா" என்றது அந்தக் குரல். வரிசை முழுவதும் அதைக் கேட்டது.

பிறகு அவருக்கு என்ன தோன்றியதோ, பழைய தொழிலுக்கே திரும்பினார். ஆளில்லாத அரங்கத்தில் ஆட்டத்தைச் சொல்ல ஆரம்பித்தார். எங்களுக்காக. என் தலைக்கு மேல் தொங்கிய அந்த ஆணியடித்த பெட்டிக்காக.

"கோட்டு அறையில நிக்கற கலங்களே, கேளுங்க. நாற்காலி எல்லாம் காலி. கராவான்காரனுங்க வாசலையே பாக்கறானுங்க. அவங்க பயிற்சியாளர் நடுவர்கிட்ட வந்து... கட்டடத்துல தீ பிடிச்சிருக்கான்னு கேக்கறாரு! ஐயா, தீ இல்லைங்க, இது எங்க ஊரு வழக்கம்! நம்பமாட்டேங்கறாரு. அவங்க அஞ்சாம் நம்பர் மேல கூரையை அண்ணாந்து பாக்கறான். பாக்கட்டும்! நம்ம ஏழாம் நம்பர் போறான், யாரும் தடுக்கல, இறக்கிட்டான்! ரெண்டு டன்!"

வரிசை அசையாமல் நின்றது. எங்கள் பையன்களுக்குக் காலி நாற்காலி புதிதில்லை. ஒவ்வொரு ஆட்டத்தின் கடைசி நிமிடங்களையும் அவர்கள் சுவருக்குத்தான் ஆடிக் காட்டியிருக்கிறார்கள். கராவான்காரர்களுக்கோ இது முதல் தடவை. மூக்கை உறிஞ்சிப் புகை வாசம் தேடிக்கொண்டே ஆடினார்களாம்.

"மறுபடி ஏழு! ரெண்டு டன்! பந்தைப் பிடுங்கிட்டான் நம்ம கேப்டன், எதிர்ல ஒருத்தன் அவசர வழி எங்கேன்னு தேடறான், போட்டாச்சு! அஞ்சே புள்ளிதான் வித்தியாசம்!"

"அஞ்சா?" என்றார் காதுமூடித் தொப்பி போட்ட ஒருவர். "நான் வரும்போது பதினொண்ணு இருந்துச்சே."

"நீ வந்ததாலதான்யா குறைஞ்சுது. இங்கயே நில்லு."

யாரோ மெதுவாக ஆரம்பித்தார்கள். "இழு." வரிசை பிடித்துக்கொண்டது. "இழு! இழு!" கொக்கிகள் அதிர்ந்தன. இன்னும் இரண்டு டன் இறங்கியது. மூன்று புள்ளி. அவ்வளவுதான், வரிசை அப்படியே திரும்பி ஆட்டக்கூடத்தைப் பார்த்து ஓடியது. ஆனால் இப்போது முக்கால்வாசிப் பேர் மேல் கோட்டு இருந்தது.

கதவில் ரூஃபினா கார்ப்போவ்னா இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"கோட்டோட உள்ள விடமாட்டேன்."

"ரூஃபினா அக்கா, ரெண்டு நிமிஷம்தான் இருக்கு!"

"அப்ப ஒரு நிமிஷத்துல கழட்டிக் குடுத்துட்டு, மிச்சம் ஒரு நிமிஷம் பாரு."

முன்னால் நின்றவர்கள் கோட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினார்கள். பின்னால் நின்றவர்கள் இன்னும் டோக்கனை நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரே மேசையில் கொடுக்கிற வரிசையும் வாங்குகிற வரிசையும் முட்டிக்கொண்டன. ஒரு நரித்தோல் கோட்டு மூன்று கை மாறி முதல் ஆளிடமே திரும்பி வந்தது.

கதவு திறந்தே இருந்தது. ஆட்டக்கூடத்தின் மறுகோடியில் மேசைமேல் ஏறி நின்று கிளிம் சவேலிச் எங்களைப் பார்த்தார். பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. குரல் ஒலிபெருக்கியில் இடித்தது.

"கதவைத் திற! யாருய்யா மதகுல? திற!"

ரூஃபினா என் பக்கம் தலையைத் திருப்பினார். "தோன்யா, அந்தாளுகிட்ட சொல்லு, அதிகாரம் எல்லாம் ஆத்தோட முடிஞ்சுபோச்சுன்னு. தயவுசெஞ்சுன்னு ஒரு வார்த்தை உண்டு. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நான் கேட்டதில்ல. இன்னிக்குக் கேக்கணும்னு சொல்லு."

நான் எப்படி அவ்வளவு தூரம் கத்துவேன்? எனக்குக் குரலே வரவில்லை. ஆனால் வரிசைக்கு வந்தது. முதல் ஆள் அடுத்தவரிடம் சொல்ல, அவர் கதவுக்கு உள்ளே நின்ற துடைப்பக்காரரிடம் சொல்ல, அவர் கையைக் குவித்து மேசையை நோக்கிக் கத்தினார். "தயவுசெஞ்சுன்னு சொல்லணுமாம்!"

"தயவுசெஞ்சு!" என்று ஒலிபெருக்கி முழங்கியது. ஜன்னல் கண்ணாடியிலிருந்து பனி உதிர்ந்தது.

ரூஃபினா காதைப் பொத்திக்கொண்டார். "கத்தாம சொல்லச் சொல்லு."

"கத்தாம சொல்லணுமாம்!"

உள்ளே பந்து தரையில் துள்ளுகிற சத்தம் கேட்டது. யாரோ விசில் ஊதினார்கள். நானூறு பேர் கோட்டும் தொப்பியுமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு என் தலைக்கு மேலிருந்த பெட்டியைப் பார்த்தார்கள். பெட்டியில் கரகரவென்று ஒரு சத்தம். தொண்டையைச் செருமுகிறார். அப்புறம் ஒரு குரல் வந்தது. அது யாருடையது என்று முதலில் எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு சின்னது. பக்கத்தில் உட்கார்ந்து, தூங்குகிற ஆளை எழுப்பாமல் சொல்வதுபோல்.

"ரூஃபா. தயவுசெஞ்சு."

ரூஃபினா கார்ப்போவ்னா விரித்த கைகளைப் பார்த்தார், அவை வேறு யாருடையவோ போல. கீழே இறக்கினார். "நாசமாப் போங்க," என்றார். "கால்மிதியடியில பூட்ஸைத் துடைச்சுட்டுப் போங்க!"

யாரும் துடைக்கவில்லை.

நீட்டிய கோட்டுகளை அவரவர் திரும்ப மாட்டிக்கொண்டு ஓடினார்கள்; கடைசி டோக்கனுக்கும் கோட்டு போனபின் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. ஆட்டம் முடிவதற்குள் கொக்கிகள் காலியாவது என் வேலையில் முதல் முறை. காப்பதற்கு ஒன்றுமில்லாததால் நானும் கதவுவரை போனேன். எல்லா நாற்காலியும் நிறைந்திருந்தது. நரி, முயல், ஆட்டுத்தோல், பட்டறைக்காரர்களின் பஞ்சு வைத்த சட்டை. நானூறு பேரின் சுவாசமும் உருகும் பனியும் சேர்ந்து ஆவியாகக் கூரைக்குப் போயின. அந்த மாவட்டத் தலைநகர்ப் பையனால்கூட அவ்வளவு புகை போட்டிருக்க முடியாது. கேமராக்காரர் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கூடைப்பந்தை நான் முதன்முதலில் நேரில் பார்த்தது அந்தக் கடைசி நிமிடத்தில்தான். தண்ணீர் கிடையாது. அதுவே ஆச்சரியமாக இருந்தது. மற்றதெல்லாம் கிளிம் சவேலிச் சொன்ன மாதிரியே இருந்தது. ஏழாம் எண் உண்மையிலேயே பாரம் ஏற்றிய படகு மாதிரிதான் ஓடினான். இரண்டு டன் இறக்கினான். வித்தியாசம் ஒரு புள்ளி. மேசைமேல் நின்ற சின்ன மனிதர் இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்து, "இழு! இழுடா! கயிறு அறுந்தா..." என்று கத்தினார். 'அறுந்தாலும்' என்ற சொல்லில் அவர் குரல் அறுந்தது. பாதிச் சொல்லில், கத்தி வைத்ததுபோல். அதற்குப் பின் உதடு மட்டும் அசைந்தது. மிச்சத்தை அரங்கம் கத்தியது.

கடைசிப் பந்து வளையத்தின் மேல் உட்கார்ந்தது. ஒரு சுற்று சுற்றியது. வெளியே விழுந்தது.

ஒரு புள்ளியில் தோற்றோம். யாரும் நகரவில்லை. நகர அவசியமும் இல்லை. கோட்டு மேலேயே இருக்கிறது. வென்ற கராவான்காரர்கள் தயங்கித் தயங்கிக் கையாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். எங்கள் சனங்கள் எழுந்து நின்று, தொப்பிகளைத் தூக்கிப் போட்டு, இழு இழு என்று கத்திக்கொண்டே இருந்தார்கள். பேருந்து ஓட்டுநரும் உள்ளே வந்து கத்தினார். அவர் இல்லாமல் பேருந்து போகாது என்பதால் எல்லாருக்கும் இன்னும் நிம்மதி.

கூட்டம் கலைந்ததும் ஸ்தனிஸ்லாவ் என் மேசைக்கு எதிரே கிளிம் சவேலிச்சைக் கட்டிப்பிடித்துத் தரையிலிருந்து தூக்கிவிட்டான்.

"டிவிக்காரங்க என்ன சொன்னாங்க தெரியுமா? இவ்வளவு பேரு கோட்டைக்கூடக் கழட்டாம ஓடிவந்து கடைசி வரைக்கும் பாக்கற ஊரை நாங்க பாத்ததே இல்லன்னாங்க! மைக் உங்களுது கிளிம் சவேலிச். சாகற வரைக்கும் உங்களுது. ஏதாவது பேசுங்களேன்!"

கிளிம் சவேலிச் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தார். நெஞ்சைத் தட்டிப் பார்த்தார். ஸ்தனிஸ்லாவ் அவர் தோளைத் தட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனான்.

ரூஃபினா கார்ப்போவ்னா விளக்குகளை அணைத்துக்கொண்டு வந்தார். "தோன்யா, அந்தாளுகிட்ட சொல்லு, சூடா பால் குடிக்கச் சொல்லி. தேன் போட்டு. நாளைக்கும் இப்படித்தான் இருக்கும். நல்லதுதான், கட்டடத்துக்கு ஓய்வு." நான் தலையாட்டினேன். பதில் வரவில்லை. ரூஃபினா கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்த்தார். பின்னல் பையை எடுத்தார். இன்னும் பதில் வரவில்லை. அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்.

ஊழியர் கொக்கியிலிருந்து ரூஃபினாவின் சாம்பல்நிறக் கோட்டை எடுத்து, கழுத்துப் பட்டியின் இரண்டு முனையையும் பிடித்து, கைநுழைக்கத் தோதாக விரித்துக்கொண்டு கிளிம் சவேலிச் நின்றிருந்தார். அவரைவிட அந்தக் கோட்டு உயரம். தரையில் படாமலிருக்கக் கைகளைத் தலைக்கு மேல் தூக்கியிருந்தார். ரூஃபினா கைக்குட்டையைத் தேடினார். சாவியைத் தேடினார். இல்லாத தூசியைத் தோளிலிருந்து தட்டினார். கிளிம் சவேலிச் நுனிக்காலில் எம்பி நின்று கோட்டை இன்னும் உயர்த்திப் பிடித்தார். இறக்கவில்லை.

ரூஃபினா மெல்ல அவருக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு கையைப் பின்னால் நீட்டினார்.